ஒற்றை சீட்டும் இரண்டு எலும்புகளும்

பைக்குக்கு ஒற்றை சீட் (ஓட்டுபவர் மட்டும் உட்காரும் சீட்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமுங்கினால் மனம் குளிர்ந்துவிடும். அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் சுகமாகத்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஓட்டி, பின்புறம் மரத்துப்போன பிறகுதான் சந்தேகம் வரும்.

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்து லேசாக அசைந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் கையில் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. நாம் நிமிர்ந்து உட்காரும்போது பாரத்தைப் பெரிதும் தாங்குவது இந்த இரண்டும்தான். இவற்றுக்கு இடையே பெரும்பாலானவர்களுக்குப் பத்து முதல் பதின்மூன்று சென்டிமீட்டர் இருக்கும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். எலும்புக்கு வலிமை உண்டு. எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கும் தசைக்கும் தோலுக்கும்தான் சிக்கல். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் பாதரசம் (மருத்துவர் ரத்த அழுத்தம் சொல்லும் அதே அலகு). வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபடத் தொடங்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கைப்பிடியும் கால்மிதியும் தாங்கியது போக, சீட்டின் மேல் 50 கிலோ பாரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 500 சதுர சென்டிமீட்டரில் சீராகப் பரவினால் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர். மெத்தென்ற ஃபோம் அடிவரை அமுங்கி, அந்தப் பாரம் முழுவதும் எலும்புகளைச் சுற்றி 100 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் அதுவே 370-ஐ நெருங்கும். சீராகப் பரவும் சீட்டிலும் 32-ஐத் தாண்டிவிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை எந்த ஃபோமாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. ஆகவே பாரத்தைப் பரப்புவதோடு, நாம் அவ்வப்போது முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரவும் சீட் இடம் தர வேண்டும். கிண்ணம்போல ஆழமாகக் குழிந்த சீட் முதல் பார்வைக்கு அணைத்துக்கொள்வதுபோல இருந்தாலும், இடுப்பை ஒரே இடத்தில் பூட்டிவிடும். நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

பின்னால் ஆள் இல்லாததால் ஒற்றை சீட்டுக்கு ஒரு வசதி உண்டு. பின்புறம் அகலமாக விரித்து, இடுப்புக்கு முட்டுக் கொடுக்கலாம். கால் தரையில் எட்டும்படி முன்புறத்தைக் குறுக்கலாம்.

ஃபோமில் அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தியான ஃபோம் பல ஆண்டுகள் வடிவம் மாறாமல் இருக்கும். அது அமுங்குமா, விறைப்பாக நிற்குமா என்பது தனிக் கணக்கு. கட்டைவிரலுக்குப் பதில் ஒரு முழங்காலை சீட்டில் ஊன்றி உடல் பாரத்தை இறக்குங்கள். அடித்தகடு தட்டுப்பட்டால் அந்த சீட் வேண்டாம். 1960-களில் நாசாவுக்காக நடந்த விமான இருக்கை ஆய்வில் பிறந்த மெமரி ஃபோம் குளிரில் இறுகும், வெயிலில் இளகும். விறைப்பான ஃபோமின்மேல் மெல்லிய அடுக்காக இருப்பதே அதற்கு ஏற்ற இடம். சீட்டுக்குள் வைக்கும் ஜெல் திண்டு வெயிலில் சூடேறி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலுறையை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டிவிட்டால், கீழே எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தும் பயனில்லை. உடலின் வடிவத்துக்கு அது இணங்காது.

அடுத்தது அதிர்வு. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுழன்றால், நொடிக்கு 67 சுற்று. இவ்வளவு வேகமான நடுக்கத்தை ஃபோம் நன்றாகவே விழுங்கிவிடும். நம் உடலை மேலும் கீழுமாக அதிகம் உலுக்குவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மெதுவான ஆட்டம். மேடுபள்ளச் சாலை தருவதும் பெரும்பாலும் அதைத்தான். ஆள் உட்கார்ந்த மென்மையான ஃபோம் அந்த வேகத்தையொட்டித் தானே துள்ளி, ஆட்டத்தைக் கூட்டிவிடவும் செய்யும். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டிலும் இதைக் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத காலத்தில் அந்த ஸ்பிரிங் தேவைப்பட்டது. ஹார்லி-டேவிட்சன் 1912-இல் சீட் தண்டுக்குள்ளேயே ஸ்பிரிங் வைத்தது. அதன் பெரிய பைக்குகளுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் 1958-இல்தான் வந்தது. சஸ்பென்ஷன் உள்ள இன்றைய வண்டியில் சீட்டுக்கடியில் இன்னும் இரண்டு ஸ்பிரிங் என்பது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

கால்மிதி உடலுக்கு நேர் கீழே இருந்தால், பள்ளம் வரும்போது முழங்காலை மடக்கி எழுந்துகொள்ளலாம். காலை முன்னால் நீட்டி ஓட்டும் வண்டியில் அது முடியாது. அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். அந்த வண்டிக்குத்தான் சீட்டை மிகவும் பார்த்து வாங்க வேண்டும்.

அளவெடுக்க, கடினமான முக்காலியில் நெளி அட்டை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, சீட்டின் பின்பகுதி அதைவிட இருபுறமும் சில சென்டிமீட்டர் தாராளமாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். வலி எங்கே வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிவிடும். இரண்டு முண்டுகளிலும் எரிந்தால் ஃபோம் அடிவரை அமுங்குகிறது. உள்தொடை நொந்தால் முன்பகுதி அகலம். வால் எலும்பு வலித்தால் சீட் பின்னோக்கிச் சாய்ந்திருக்கலாம். டேங்கை நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருந்தால் சாய்வு முன்பக்கம். அதற்குப் புது சீட் வாங்கும்முன், முன்பக்கத் தாங்கியின் கீழ் ஒரு வாஷர் வைத்துப் பார்க்கலாம்.