லேக் என்பது எது: சுணக்கமா, பொதியிழப்பா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை, போனைச் சாய்த்துப் பிடித்துக் கேம் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் ஒரே புகார்தான்: “லேக் அடிக்குது மக்கா.” சுட்ட குண்டு எதிராளிமேல் படவில்லையா, லேக். ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பத்தடி பின்னால் நிற்கிறானா, அதுவும் லேக். போன் சூடேறிப் படம் விக்கி விக்கி ஓடினாலும் லேக்தான். கேரள எல்லையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் சொல் சினிமாவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. இரண்டாம் பாதி இழுவையென்றால் ‘லாக்’ என்று ஒரே வார்த்தையில் படத்தை முடித்துவிடுவார்கள். நம் யூடியூப் விமர்சகர்களும் சளைத்தவர்கள் அல்லர்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் கூட்டத்தின் கடைசி ஆளைக் குறித்தது. பிறகு பின்தங்குவதையே குறிக்கலாயிற்று. அகராதியைப் பார்த்து ‘பின்னடைவு’ என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைத் தேர்தல் செய்திகள் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. ‘பின்னடைவு’ என்றதும் வாக்கு எண்ணிக்கைதான் கண்முன் வரும்.

‘தாமதம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். அது வடமொழி தாமஸத்திலிருந்து வந்தது. முக்குணங்களில் மந்தமான குணத்தின் பெயர். மலையாளத்தில் ‘தாமசம்’ என்றால் தாமதமும் உண்டு, குடியிருப்பும் உண்டு. ‘தாமசிச்சு’ என்று ஒருவர் சொன்னால் நேரமாகிவிட்டது என்கிறாரா, அங்கே தங்கினேன் என்கிறாரா என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது ‘சுணக்கம்’. பணிகளில் சுணக்கம் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஈழத்தில் ‘சுணங்கிப் போச்சு’ என்று பேச்சிலேயே வரும். சங்கப் பாடல்களில் சுணங்கு என்பது பெண்ணின் மேனியில் படரும் தேமல். அதை இங்கே இழுக்க வேண்டாம். அனுப்பியது போய்ச் சேர எடுக்கும் நேரத்தை ஆங்கிலத்தில் லேட்டன்சி என்கிறார்கள். மறைந்திருத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்ததால் அதை ‘மறைநிலை’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. வேருக்குச் சரி, ஆட்டக்காரனுக்குப் பயனில்லை. சுணக்கம் என்றால் யாருக்கும் புரியும்.

இந்தச் சுணக்கத்தை அளப்பதுதான் பிங். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் இந்தச் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும்போது எழும் ஓசைதான் பெயர்க்காரணம். பிங் என்பதைப் பல ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தாக விரித்துச் சொல்வது பிற்காலக் கற்பனை. ‘எதிரொலி நேரம்’ அழகான சொல்தான், ஆனாலும் பிங் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். திரையில் காட்டும் பிங் எண் போகவும் வரவும் சேர்த்த நேரம் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

சுணக்கத்தில் ஒரு பகுதிக்கு மருந்தே கிடையாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002இல் இயங்கத் தொடங்கிய சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. களியக்காவிளையிலிருந்து சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு இன்னொரு 7. அந்தப் பாதையில் சிங்கப்பூர் சர்வரில் (ஆட்டத்தை நடத்தும் கணினியில்) ஆடுகிறவனுக்கு 39க்குக் கீழே பிங் வராது. ‘கேம் பூஸ்டர்’ செயலிகளுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுடும் ஆட்டங்களில் கவுன்டர்-ஸ்டிரைக் 2க்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் உண்டு, வேலோரன்ட்டுக்கு மும்பையில் உண்டு. ஆட்டத்தின் அமைப்பில் (செட்டிங்ஸ்) சர்வர் எந்த ஊர் என்று பார்ப்பதே முதல் வைத்தியம்.

இனி பாக்கெட். தமிழில் எழுதினால் சட்டைப்பையும் பாக்கெட், பால் உறையும் பாக்கெட். இணையத்தில் அது தகவலின் சிறு துண்டு, மேலே முகவரியோடு. 1960களில் அமெரிக்காவில் பால் பாரன் இதைச் ‘செய்தித் தொகுதி’ என்ற பொருளில் அழைத்தார். அதே எண்ணத்தைத் தனியே கண்டடைந்தவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்து டொனால்டு டேவிஸ். பாக்கெட் என்று பெயரிட்டவர் அவர்தான். பிற மொழிகளிலும் இதற்கு ஈடான சொல் இருக்குமா என்று மொழி தெரிந்தவரிடம் விசாரித்துவிட்டே முடிவு செய்தார். கலைச்சொல்லாக்கத்தில் இப்படிப்பட்ட மரியாதை அபூர்வம்.

தமிழில் அவருக்கு விடை தயாராகவே இருந்தது. சிப்பம், பொட்டலம், பொதி மூன்றும் புழங்குகின்றன. சிப்பம் என்றால் அரிசி மண்டி நினைவு வருகிறது. பொட்டலம், காவல்துறைச் செய்திகளின் புண்ணியத்தில், வேறு சரக்கைக் குறிக்கிறது. என் ஓட்டு பொதிக்கு. பொன்போற் பொதிந்து வைப்பர் என்று குறள் 155 சொல்லும் அதே பொதிதல். சுற்றி மூடிப் பத்திரப்படுத்துவது. நெய்யாற்றின்கரைப் பக்கம் வாழையிலையில் கட்டித் தரும் பொதிச்சோற்றைத் தின்றவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். இலங்கைத் தமிழரும் சோற்றுப் பொதி என்பார்கள், கணினியில் தரவுப் பொதி என்பார்கள். ஆக, வழியில் பொதி தொலைந்தால் பொதியிழப்பு.

படம் தரவிறக்கும்போது பொதி தொலைந்தால் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும் நெறிமுறை உண்டு. பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. வேக ஆட்டங்கள் பெரும்பாலும் 1980இல் வரையறுத்த யூடிபி என்ற வேறொரு நெறிமுறையை நம்புகின்றன. அது அனுப்பும், சேர்ந்ததா என்று கேட்காது. எதிராளி அரை நொடிக்கு முன் எங்கே நின்றான் என்பதை இப்போது மறுபடி வாங்கி என்ன செய்ய? கவுன்டர்-ஸ்டிரைக் 2 நொடிக்கு 64 முறை நிலவரத்தைக் கணக்கிடுகிறது. நூற்றில் ஒன்று தொலைந்தாலே ஒன்றரை நொடிக்கு ஒரு சேதி போச்சு. இடையில் ஆட்டம் உத்தேசமாக ஆளை ஓடவிடும். சர்வரின் உண்மை வந்ததும் பழைய இடத்துக்கு இழுத்துப் போடும். இதை ரப்பர் பேண்டிங் என்கிறார்கள். ரப்பர் பால் வடிக்கிற ஊருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பி காட்டியும் ஆட்டம் படுத்துவது இதனால்தான். அது குழாயின் அகலத்தைச் சொல்லும், ஒழுகலைச் சொல்லாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. முதலில் ஆட்டத்தின் அமைப்பில் எஃப்பிஎஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) திறந்து வையுங்கள். விக்கும் நேரத்தில் அது விழுந்தால் போன்தான் திணறுகிறது, இணையத்தைத் திட்டாதீர்கள். அது நிலையாக இருந்தால் கணினியில் பிங் கட்டளையை முதலில் வீட்டு ரவுட்டருக்கு அனுப்புங்கள். பல வீடுகளில் அதன் எண் 192.168.1.1. விண்டோஸ் தானாக நான்கு பொதிதான் அனுப்பும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, குறைந்தது நூறு போகட்டும். ரவுட்டர் வரையிலேயே பொதி தொலைந்தால் குற்றவாளி வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் வழக்கமாகப் புழங்கும் அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றுதான், அதே காற்றில் பக்கத்து வீட்டு ரவுட்டரும் அடுப்படி மைக்ரோவேவும் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம், லேன் கம்பி இழுத்தால் இன்னும் நல்லது. மொபைல் டேட்டாவில் ஆடுகிறவர்களுக்கு எல்லையில் வேறொரு தொல்லை: போன் இந்தப் பக்கக் கோபுரத்தையும் கேரளக் கோபுரத்தையும் மாறி மாறிப் பிடிக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டம் ஒரு தடவை உறையும்.

ரவுட்டர் வரை சுத்தம், ஆனால் சாயங்காலம் மட்டும் பிங் 40இலிருந்து 300க்கு ஏறுகிறதென்றால் வீட்டுக்குள் விசாரியுங்கள். துபாயில் இருக்கும் அத்தானோடு அக்கா வீடியோ காலில் இருக்கலாம், யாருடைய போனோ கல்யாணப் படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கலாம். ரவுட்டர் தன் வரிசையில் பொதிகளை அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பதால் வரும் இதற்கு ஜிம் கெட்டிஸ் 2010இல் பஃபர்புளோட் என்று பேர் வைத்தார். ‘தேக்கம்’ என்றாலே போதும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தப் பொதிக்கு முன்னுரிமை என்று ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் மேலேற்ற வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள், தேக்கம் வடிந்துவிடும். பிங் ஒரு நொடி 30, அடுத்த நொடி 120 என்று ஆடினால் அது ஜிட்டர், தமிழில் தடுமாற்றம்.

வைஃபையும் இல்லை, தேக்கமும் இல்லையென்றால் கோளாறு கேபிள்காரர் பக்கம்தான். விளவங்கோட்டு ரப்பர் தோட்டங்களின் நடுவே கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் இழைமேல் மழைக்காலத்தில் கிளை விழுவது வழக்கம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. எரியாமலும் ஒளி மங்கி வரலாம், இழை மடங்கியோ முனை அழுக்காகியோ. பொதி போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்ப்பவர்கள் நடுவில் ஓரிடத்தில் மட்டும் பொதி தொலைவதாகக் காட்டினால் பதறவேண்டாம். சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். கடைசிப் படிவரை தொடரும் இழப்பே உண்மை. “அண்ணே, நெட் லேக்” என்று போன் செய்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார். “ரவுட்டர் வரை ஒண்ணும் தொலையல, அதுக்கு அடுத்ததுல இருந்து கடைசி வரை நூத்துக்குப் பத்து பொதி தொலையுது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள், ஏணியோடு ஆள் வருவார்.