மூன்று சென்சார் மாற்றியும் அணையாத லைட்

போன வாரம் செக் இன்ஜின் லைட் அணையாத ஒரு கார் வந்தது. வயது இருபதுக்கு மேல். பின் சீட்டில் ஒரு பை, பைக்குள் கழற்றிய ஆக்ஸிஜன் சென்சார்கள் (புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளப்பவை) இரண்டு. மூன்றாவது வண்டியில் இருந்தது. மூன்றுமே ஒரு வருடத்துக்குள் புதிதாக வாங்கியவை. "ஸ்கேனர்லயே தெளிவா காட்டுதுங்க, இந்த தடவை நல்ல கம்பெனியா பாத்து ஒண்ணு போட்டுடுங்க" என்றார் வண்டிக்காரர்.

ஸ்கேனரை அப்புறம் மாட்டலாம் என்று, ஆறிப்போய் இருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்தேன். டிக் டிக் என்று சத்தம். சூடு ஏற ஏறக் குறைந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட், அதாவது புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்து அடைப்பு, போயிருந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது, சென்சாரும் "ஆக்ஸிஜன் அதிகம்" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேஸ்கட்டை மாற்றினேன். மூன்றாவது சென்சார் அதே இடத்தில் இருக்கிறது. லைட் அணைந்துவிட்டது.

இந்த மாதத்தில் இது இரண்டாவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்கேனரில் பி0171 என்று கோடு (பிழை எண்) வந்தால் "சென்சார் போச்சு" என்று அர்த்தம் இல்லை. முதல் பேங்க்கில் (இன்ஜினின் ஒரு பக்க சிலிண்டர் வரிசையில்) கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். பி0172 என்றால் ரிச், பெட்ரோல் அதிகம். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மட்டும்தான் சென்சாருக்குத் தெரியும், ஏன் மிச்சம் என்று தெரியாது. வாக்வம் ஹோஸ் (இன்ஜின் காற்று இழுக்கும் பக்கத்துக் குழாய்) வெடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது, அதோடு சேர்ந்து உள்ளே போன ஆக்ஸிஜனும் எரியாமல் வருகிறது. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு லீன் என்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றுகிறது. சைலன்ஸரில் பெட்ரோல் வாடை, ஸ்கேனரில் லீன். உடனே "சென்சார் பொய் சொல்லுது" என்ற தீர்ப்பு! அது பொய் சொல்லவில்லை ஐயா, ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.

சரி, சென்சார் கெட்டே போகாதா? போகும். ஒற்றை வயர் வைத்த, ஹீட்டர் இல்லாத பழைய வகைக்கு ஐம்பதிலிருந்து எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஆயுள். ஹீட்டர் உள்ள பிற்கால வகை ஒன்றரை லட்சம் வரைகூட ஓடும். அதற்கு மேல் சோம்பேறியாகிவிடும், வண்டி பெட்ரோல் குடிக்கும். பி0130 முதல் பி0135 வரையிலான கோடுகள்தான் முன் சென்சாரின், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின், சர்க்யூட்டையே காட்டுபவை. அதிலும் பி0135 ஹீட்டர் சர்க்யூட். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள், தயவுசெய்து.

சென்சாரைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஆர்பிஎம் 2000-க்கு மேல் நிலையாக இருக்கும்போது சாதாரண ஜிர்கோனியா சென்சாரின் சிக்னல் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சின்ன வாக்வம் ஹோஸ் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் அதற்கு உயிர் இருக்கிறது. மீட்டரை ஓம்ஸில் வைத்து சிக்னல் வயரில் பார்க்க வேண்டாம், நல்ல சென்சாரையும் கெடுத்துவிடும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் ஆடாமல் நிற்பதுதான் சரி. அது ஆடவில்லை என்று மாற்றிவிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த சென்சார் என்று உறுதி செய்யுங்கள். ஒன்றாம் சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் முதல் பேங்க். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் ஒன்று. பாதிப் பேர் கைக்கு எட்டுவதை மாற்றுகிறார்கள்.

பழைய வண்டியில் அது துருப்பிடித்துச் சிக்கியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊற விடுங்கள். இன்ஜினை லேசாகச் சூடாக்கிக்கொண்டு, கையுறை போட்டு, வயர் நுழைய வெட்டு உள்ள சாக்கெட்டால் கழற்றுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். கட்டிங் பிளையரை வைத்து மல்லுக்கட்டி மரையைத் தின்றுவிட்டு வராதீர்கள். அந்த மரையைச் சரி செய்வது சென்சாரை மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டால் மறுபடி மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான். முனையில் விரல் படக் கூடாது. மரையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாலும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியே வரும், மேலே நீங்கள் வேறு பூச வேண்டாம். வயரை இணைக்கும் கப்ளருக்குள் கிரீஸ், ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயர் வழியாகத்தான் இழுக்கின்றன. அதே காரணத்தால் வயரில் ஈயம் வைத்து ஒட்டவும் கூடாது. அப்புறம், கேஸ்கட்டுக்குக் கண்ட சிலிக்கானைப் பூசாதீர்கள். அந்த ஆவியே சென்சாரைக் கொல்லும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பழைய சென்சாரைக் குப்பையில் போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரி அப்பியிருந்தால் கலவை ரிச். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சிலிக்கானோ, உள்ளே கசியும் கூலன்ட்டோ காரணம். அதைக் கவனிக்காமல் புதியது போட்டால் அதற்கும் அதே கதிதான். அந்தப் பையில் இருந்த இரண்டின் முனையும் லேசான சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. வண்டியோடு வந்த பழையது எங்கே என்று கேட்டேன். முதல் தடவை மாற்றியபோதே தூக்கிப் போட்டாராம்.