சத்தம் வராம குதி!

வேலூரில் மழை பொய்த்த மாதங்களில் பாலாறு முழுக்க மணல்தான். கரை மேட்டிலிருந்து அதில் தொப்பென்று குதிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே பிள்ளை அதே உயரத்துச் சிமெண்ட் திண்ணையிலிருந்து காலை விறைத்துக்கொண்டு குதித்தால், அடி குதிகாலிலிருந்து பல் வரை ஏறுகிறது.

கணக்கு இதுதான். அரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். அதை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடல் 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், கால் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப்போல் 11 மடங்கு. முழங்காலும் இடுப்பும் மடிந்து 25 சென்டிமீட்டர் தணிந்தால் 3 மடங்குதான். 30 கிலோ பிள்ளைக்கு 330 கிலோ சுமை 90 கிலோவாகக் குறைகிறது. ஆற்றில் அந்த இடைவெளியை மணல் கொடுத்தது. சிமெண்டில் நம் மூட்டுதான் கொடுக்க வேண்டும்.

முன்பாதம் முதலில், பிறகு குதிகால், அதோடு முழங்கால், இடுப்பு. கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கின்றன. வண்டியில் பிரேக்கை மெல்ல அழுத்துவதுபோல. இதில் எனக்குப் பெரிய வியப்பு, கால் தரையைத் தொடும் முன்பே மூளை அந்தத் தசைகளை முறுக்கிவிடுகிறது என்பது. கரண்ட் போன இரவில், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, சமதளத்தில் திடுக்கென்று மோதியிருப்பீர்கள். மூளை போட்ட கணக்கு தப்பிய நொடி அது.

சத்துவாச்சாரிக்காரர், பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2018 காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச் முறையில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல், 144 கிலோ தூக்கினார். அந்த ஆண்டு தங்கமும் வென்றார். அந்த முறையிலும் பாரம் மேலே எழும்பும்போது வீரர் பாதத்தைப் பெயர்த்து ஊன்றி, முழங்காலை மடித்து அதன் அடியில் இறங்கித்தான் தாங்குகிறார்.

பள்ளிகளில் நீளம் தாண்டலுக்கு டேப் பிடிக்கிறோம், முழங்காலைப் பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இறங்கத் தெரிந்த பிறகுதான் தாண்டச் சொல்லவேண்டும். அளக்கக் கருவியும் வேண்டாம், காது போதும்: ‘தட்’டென்று கேட்டால் கால் மடியவில்லை. பாண்டி ஆடும்போதும் கவனியுங்கள். முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்குவதால் அங்கே இன்னும் தெளிவாகக் கேட்கும்.

என் மகளிடம், “சத்தம் வராம குதிடி” என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் திண்ணையிலிருந்து குதித்தது, உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ஆயாவுக்குக் கேட்கவே இல்லை.