கேட் தேர்வுக்கு ஒரு வாரம்: 'தெரியும்' என்ற நினைப்பை எவ்வளவு நம்பலாம்?

பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட் (GATE) எழுதப்போகிறவர்களில் பலர் கடைசி வாரத்தில் செய்வது ஒன்றுதான். மாதக்கணக்கில் எழுதிவைத்த நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிப்பார்கள். லாப்லாஸ் உருமாற்றமா, தெரியும். பெர்னூலி சமன்பாடா, அதுவும் தெரியும். பக்கங்கள் வேகமாக ஓடும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பை அப்படியே நம்ப வேண்டாம் என்கிறது நினைவாற்றல் ஆராய்ச்சி.

கண்ணில் பட்டதை அடையாளம் காண்பது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று புரிந்துவிடும், ஆனால் பெயர் வராது. நோட்டை வாசிக்கும்போது நடப்பது முதல் வேலை. தேர்வறையில் கேட்கப்படுவது இரண்டாவது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகள் கொடுக்கப்பட்டன. சிலவற்றை இரண்டு முறை வாசித்தார்கள். சிலவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை வாசித்ததே முன்னால் நின்றது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். இருமுறை வாசித்ததில் 42 சதவீதமே மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. நினைவிலிருந்து எடுக்கப் படும் பாடே அந்த நினைவை உறுதியாக்குகிறது. எனவே நோட்டை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் சூத்திரங்களை எழுதிப் பார்ப்பதுதான் இந்த வாரத்துக்கான வேலை. வராதவற்றை மட்டும் திறந்து பார்த்து, மறுநாள் மறுபடி எழுதுங்கள்.

சரி, கணக்குகளை எப்படிப் போடுவது? ஒரே பாடத்தை எடுத்து இருபது கணக்கு வரிசையாகப் போட்டால் நான்காவது கணக்கிலேயே கை தானாக ஓடும். எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, அத்தனைக்கும் ஒரே முறைதானே. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு பற்றியது. வகைவாரியாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. கேட்டின் 65 கேள்விகளில் எதிலும் இது எந்தப் பாடம் என்று எழுதியிருக்காது. முறையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. பழைய வினாத்தாள்களை முழுதாக, மூன்று மணி நேரம் உட்கார்ந்து போடச் சொல்வது இதனால்தான். திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டித்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் அதையும் வைத்தே பழகுங்கள்.

அடுத்தது தூக்கம். இதில் பிள்ளைகள் செய்துகொள்ளும் கொடுமையைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பகலில் படித்தவற்றை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. நினைவு நிலைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டினால் படித்ததையும் சேர்த்தே வெட்டுகிறோம். 2003-இல் வான் டாங்கன் குழு வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுத்தவர்களின் கவனமும் சிந்தனை வேகமும் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தன. ஆனால் தங்கள் நிலை அவ்வளவு மோசம் என்று அவர்களுக்கே உறைக்கவில்லை. "ஆறு மணி நேரம் எனக்குப் போதும்" என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அப்புறம், காபியிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபியில் பாதி, இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும்.

கடைசியாக நெகட்டிவ் மார்க். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில் தவறானால் மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கு முறைக்கு ஒருமுறை 1 வரும், மூன்று முறை தலா 1/3 போகும், சராசரி பூஜ்யம். ஒரு விடையை மட்டும் நிச்சயமாகத் தவறென்று தள்ள முடிந்தாலும் சராசரி 1/9 மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ளினால் 1/3. இரண்டு மதிப்பெண் கேள்வியில் இதே கணக்கு இரட்டிப்பாகும். எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய கேள்விகளிலும் தவறுக்குக் கழிவே இல்லை. அவற்றில் ஒன்றைக்கூட வெறுமனே விட்டு வராதீர்கள்.