கதனகுதூகலம்: ஓர் இராகப் பெயரின் பொருளும் தமிழும்

சென்னையின் மார்கழிக் கச்சேரிகளில், மெதுவான விளம்பகாலத்தில் அமைந்த நீண்ட உருப்படி ஒன்று முடிந்து அவை சற்றே அயர்ந்திருக்கும் வேளையில், பாடகர் ‘ரகுவம்ச சுதாம்புதி’ என்று எடுத்தவுடன் நிமிர்ந்து உட்காராத இரசிகர் குறைவு. அந்த உருப்படியின் இராகம் கதனகுதூகலம். பெயரின் பிற்பகுதி நமக்குப் பழக்கமானது போலத் தோன்றுவதால் முற்பகுதியை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரண்டுமே விளக்கம் வேண்டும் சொற்கள்.

வடமொழியில் ‘கதன’ என்ற ஒலியை ஒத்த இரண்டு வேறு சொற்கள் உள்ளன. ஒன்று, கதை என்னும் சொல்லோடு உறவுடையது. சொல்லுதல், எடுத்துரைத்தல் என்பது அதன் பொருள். மற்றொன்று போரையும் அழிவையும் குறிப்பது. ஒலிப்பில் இவை வேறுபட்டாலும், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெறுவதால், ‘கதை சொல்லும் களிப்பு’ என்று இப்பெயரைப் பொருள்கொள்ள இடமுண்டு. இராகப் பெயரில் இருப்பது போரைக் குறிக்கும் சொல்லே. குதூகலம் என்பதற்கு வடமொழியில் ஆர்வம், அறியும் ஆவல், வேட்கை என்பன முதன்மைப் பொருள்கள். தமிழிலோ அது துள்ளலோடு கூடிய மகிழ்ச்சி என்ற பொருளில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே வடமொழிப் பொருளில் ‘போர் வேட்கை’ என்றும், தமிழ் வழக்கை ஒட்டி ‘போர்க் களிப்பு’ என்றும் பெயரைப் பிரித்துரைக்கலாம்.

இந்த இராகத்தை உருவாக்கியவராகப் போற்றப்படுபவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902). தியாகராஜரின் சீடரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்ற இவருடைய பெயரின் முன்னுள்ள ‘பட்டணம்’, அவர் சில காலம் வாழ்ந்த சென்னப்பட்டணமே. அக்காலச் சென்னையில் பாண்டு வாத்தியம் அரிய ஒலி அன்று. அவருக்கு முன்பே முத்துசுவாமி தீட்சிதர், மணலியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், அமைத்தார். ‘நோட்டுசுவரம்’ என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. கதனகுதூகலத்தில் கேட்கும் மேலைச் சாயலும் இந்த நகரத்துக்கு அந்நியமானதாக இருந்திருக்க முடியாது.

பெயருக்கேற்ற விறுவிறுப்பு இராகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மேளம் எனப்படும் தாய் இராகங்களுள் இருபத்தொன்பதாவதான தீரசங்கராபரணத்தில் பிறந்த இதன் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை, ச ரி ம த நி க ப ச என்பது. அதாவது, காந்தாரத்தையும் (க) பஞ்சமத்தையும் (ப) வழியில் விட்டுத் தாவிச் சென்று, நிஷாதத்தை (நி) தொட்ட பிறகே அவற்றைக் கொண்டுவருகிறது. இறங்குவரிசையான அவரோகணம் மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. சுவரங்களை அசைத்துப் பாடும் கமகங்களுக்கு இங்கே இடம் மிகக் குறைவு. சுவரங்களை அசைக்காமல் நேராக நிறுத்திப் பாடுவதால் படையின் நடையை ஒத்த மிடுக்கு வந்துவிடுகிறது. விரிவான ஆலாபனைக்கு இது ஏற்ற இராகம் அன்று என்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை. இராமனைப் போற்றும் ‘ரகுவம்ச சுதாம்புதி’யின் சரணம் பரசுராமரின் கர்வத்தை அடக்கிய செயலைப் பேசுவதும் பெயரோடு பொருந்தியே நிற்கிறது.

இனி, இந்த இராகப் பெயருக்கு இணையான தமிழ்ச் சொல். உணர்ச்சி வெளிப்பாடுகளாகத் தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வீரத்தைச் சுட்டும் பெருமிதமும் மகிழ்ச்சியைச் சுட்டும் உவகையும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. இந்தப் பெயரோ இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்கிறது. அந்த இணைப்பு தமிழுக்குப் புதியது அன்று. புறநானூற்றின் 31ஆம் பாட்டில் கோவூர் கிழார் ‘போரெனிற் புகலும் புனைகழல் மறவர்’ என்கிறார். புகலுதல் என்பதற்கு விரும்புதல் என்ற பொருளும் மகிழ்தல் என்ற பொருளும் உண்டு என்பதால், வடமொழிக் குதூகலத்தின் வேட்கையையும் தமிழ்க் குதூகலத்தின் களிப்பையும் அந்த ஒரே வினை தாங்கிவிடுகிறது. அதைப் போரைக் குறிக்கும் செரு என்ற சொல்லோடு சேர்த்து ‘செருப்புகல்’ என்று ஆக்கினால் பொருளில் அதைவிடச் சரியான சொல் அமையாது. ஆயினும் இன்று புகல் என்றால் அடைக்கலம் என்றே நினைவுக்கு வரும். செருப்பு என்ற ஒலி வேறு முன்னே வந்து நிற்கும். ‘மறக்களிப்பு’ என்பதில் வீரத்தைக் குறிக்கும் மறமோ இன்றைய காதுக்கு மறத்தலையே நினைவூட்டக்கூடும். எனவே ‘போருவகை’ என்பதே தக்கது என்பது என் கருத்து. சுருக்கமானது, பிரித்துப் பார்த்தால் உடனே விளங்குவது, மெய்ப்பாட்டுச் சொல் ஒன்றையும் உடன் கொண்டது. சபா நிகழ்ச்சி நிரலில் இராகப் பெயரை மாற்றி அச்சிட வேண்டும் என்று சொல்லவில்லை. பெயரை விளக்கும் இடத்தில் இச்சொல்லை வைக்கலாம்.

கேட்க விரும்புவோர் சுப்பிரமணிய ஐயரின் ‘ரகுவம்ச சுதாம்புதி’யை முதலில் வாய்ப்பாட்டிலும், பிறகு கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனிலும் கேட்கலாம். பாண்டு வாத்தியக் குழுக்களில் ஒலிக்கும் அக்கருவியில் இந்த இராகத்தின் மேலைச் சாயல் கூடுதலாகத் துலங்கும். எம். பாலமுரளிகிருஷ்ணா இதே இராகத்தில் இயற்றிய தில்லானாவையும் தவறவிடக் கூடாது. சொற்கட்டுகளே பெரும்பகுதியாக அமைந்த அந்த உருப்படியில், ஆரோகணத்தின் தாவல் காலில் தாளமாக இறங்குவதை உணரலாம்.