ஈறில் ரத்தம் வந்தால் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு அடிக்கடி காதில் விழுகிற காரணம், "சூடு". பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். பல் துலக்கினால் ரத்தம், பேசினால் வாய் நாற்றம். "வெயில்ல அலையுறான் டாக்டர், சூடுதான். இளநீ, மோரு எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு, நிக்கல" என்பார் அம்மா. இளநீரும் மோரும் உடம்புக்கு நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ரத்தம் வருவது பெரும்பாலும் சூட்டினால் அல்ல. பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் படிந்து கிடக்கும் பிசுபிசுப்பான கிருமிப் படலத்தால்தான்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1965-ல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. ஈறு நன்றாக இருந்த 12 பேர், அதில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள், வேண்டுமென்றே பல் துலக்குவதை நிறுத்தினார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆரம்ப நிலையில் இருக்கிற ஈறு வீக்கம் தழும்பு கூட இல்லாமல் ஆறிவிடும் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய சேதி.

ஆனால் நம் பிள்ளைகள் செய்வது நேர்மாறு. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் பட்டால் புண்ணாகும் என்று அந்தப் பக்கத்தையே விட்டுவிடுகிறார்கள். படலம் இன்னும் தடிக்கிறது, ரத்தம் இன்னும் கூடுகிறது. போதாததற்கு இது ஹார்மோன்கள் கூடுகிற வயது. பெரியவர்களுக்குச் சும்மா சிவந்து நிற்கிற அளவு அழுக்குக்கே இவர்களுக்கு ஈறு உப்பிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொதுதான்.

என்னைக் கேட்டால் இந்த வயதில் ஈறு கெடுவது ராத்திரியில்தான். டியூஷன் முடிந்து புதுவயலுக்கோ கோட்டையூருக்கோ பஸ் ஏறி வீடு சேரும்போதே இருட்டிவிடுகிறது. சாப்பிட்டு, படித்து, அப்புறம் கையில் போன். பக்கத்தில் பலகார டின். நம் வீடுகளில் அது காலியாக இருப்பது அபூர்வம். சீப்புச் சீடை தீர்ந்தால் மனகோலம், அதுவும் தீர்ந்தால் கைமுறுக்கு. பலகாரத்தை நான் குறை சொல்லவில்லை (சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது). மத்தியானம் சாப்பாட்டோடு நாலு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. பதினொரு மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொறித்துவிட்டு, வெல்லப்பாகும் மாவும் பல்லிடுக்கில் இருக்க அப்படியே தூங்கிப்போவதுதான் வம்பு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கழுவிவிட ஆளில்லாத அந்த நேரம் முழுக்கக் கிருமிகளுக்கு விருந்து. இனிப்பு நேராகக் கெடுப்பது பல்லைத்தான், சொத்தை விழும். ஆனால் ஈறோரத்துப் படலமும் அதைத் தின்றுதான் வளர்கிறது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் முன்பல்லை மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஓடினால் அது போகுமா?

இரண்டு வேளையும் துலக்க வேண்டும். ஒரு வேளையாவது ஒழுங்காகச் செய்வேன் என்கிற பிள்ளையிடம் நான் ராத்திரியைத்தான் கேட்பேன். அதிலும் படுக்கப்போகும்போது என்று வைத்தால் நடக்காது, தூக்கம் வென்றுவிடும். சாப்பிட்டுக் கை கழுவின கையோடு துலக்கிவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் மட்டும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், இரண்டு நிமிஷம். ரத்தம் வருகிற இடத்தையும் விடக்கூடாது. கிளிப் போட்டிருக்கிற பிள்ளைக்குக் கம்பிக்கு அடியில் நுழைகிற சின்ன பிரஷ் தனியாக வேண்டும். அப்பத்தா சொல்கிற உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு இதமாக இருக்கும், செய்யலாம். உப்பையும் கரியையும் விரலால் வைத்துத் தேய்ப்பது வேண்டாம், பல் தேய்ந்துபோகும்.

மேல் முன்பல் ஈறு மட்டும் சிவந்து பளபளவென்று இருந்தால், பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா என்று பாருங்கள். மூக்கடைப்பைக் கவனிக்காமல் ஈறுக்கு மருந்து போட்டுப் பயனில்லை.

மார்ச் மாதப் பொதுத் தேர்வுச் சமயத்தில் வேறொன்று வரலாம். தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை, மனசெல்லாம் பதற்றம். பல்லுக்கு இடையில் இருக்கிற ஈறு நுனி அரித்து, சாம்பல் பூத்து, தொட முடியாத வலியும் கடுமையான நாற்றமுமாக இருக்கும். அபூர்வம்தான், ஆனால் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற காரியமில்லை. சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

சிகரெட் என்றதும் பையன்களின் அப்பாக்களுக்கு ஒன்று. புகைப்பவர்களின் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும், உள்ளே நோய் இருந்தாலும். ரத்தம் இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது. உதட்டுக்குள் அதக்குகிற புகையிலை இன்னும் மோசம்: வைக்கிற இடத்தில் ஈறு இறங்கிவிடும், இறங்கிய ஈறு தானாக ஏறாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்பது 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷுக்கும் வராது, கிளீன் செய்துதான் எடுக்க வேண்டும். "கிளீன் பண்ணினா பல் ஆடிருமாமே" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆடாது. காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் சில நாள் கூச்சமும் இடைவெளி விட்டது போலவும் தெரியும், அவ்வளவுதான்.

நன்றாகத் துலக்குகிற பிள்ளைக்கு முன்பல்லோ முதல் கடைவாய்ப்பல்லோ ஆடினால் உடனே காட்டுங்கள். கூடப் பிறந்தவர்களையும் கூட்டி வாருங்கள், ஈறு நோயில் குடும்பத்தில் ஓடுகிற வகை ஒன்று உண்டு. சர்க்கரை நோய் இருக்கிற பிள்ளைக்கும் ஈறு சீக்கிரம் கெடும். வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு பல்லை மூடுகிற மாதிரி வளரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.