பல்லை அடைக்கும் பிசின் எவ்வளவு சுருங்குகிறது?

கடைவாய்ப் பல்லில் சொத்தையை அடைத்துக்கொண்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: மருத்துவர் குழியை ஒரேயடியாக நிரப்பாமல், சிறிது சிறிதாக வைத்து ஒவ்வொரு முறையும் நீல விளக்கைப் பிடித்தாரே, அது எதற்கு? பல்லுக்குள் இருக்கும் பூச்சியைக் கொல்வதற்கு என்று அவர் வீட்டுப் பெரியவர் விளக்கம் சொன்னாராம். பல்லில் பூச்சி என்று எதுவும் இல்லை. சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும் பாக்டீரியாக்களே சொத்தைக்குக் காரணம். கண்டங்கத்திரி விதையின் புகையைப் பிடித்துப் புழுவை வெளியேற்றுவதாகச் சொல்பவரை நம்பிக் காத்திருந்தால், அதற்குள் குழி இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான். வாசகரின் கேள்விக்கு உண்மையான விடை, அந்த அடைப்புப் பொருள் இறுகும்போது சுருங்குகிறது என்பதில் தொடங்குகிறது.

மருத்துவர்கள் காம்போசிட் என்று அழைக்கும் இப்பொருள், பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பசை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கூடத்தில் ஆராய்ந்த ரஃபேல் போவன் 1962ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினே இன்றும் பல அடைப்புப் பொருள்களுக்கு அடிப்படையாக இருக்கிறது. அதில் சிறிதளவு கேம்ஃபர்குயினோன் கலந்திருக்கும். நாம் ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் கிடைக்கும் மஞ்சள் நிறப் பொருள் அது. மஞ்சளாக இருப்பதாலேயே அது நீல ஒளியை விழுங்குகிறது. ஏறத்தாழ 468 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் உட்கவர்தல் உச்சத்தை எட்டுகிறது. ஒளியை வாங்கிய மூலக்கூறு, உடனிருக்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் ஒன்றின் துணையோடு, தனி உறுப்புகள் எனப்படும் வினைத்துடிப்பு மிக்க துணுக்குகளை உண்டாக்க, அவை பிசின் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளைத் திறந்து ஒன்றோடொன்று கோத்துச் செல்கின்றன. பலபடியாக்கல் என்று பள்ளியில் படித்த வினைதான் இது.

கோக்கப்படுவதற்கு முன் இரு மூலக்கூறுகளுக்கு இடையே வாண்டர் வால்ஸ் விசை என்ற வலுக்குறைந்த ஈர்ப்பு மட்டுமே இருக்கிறது. இடைவெளி சுமார் 0.3 முதல் 0.4 நானோமீட்டர். சகப்பிணைப்பு உருவானதும் அந்தத் தொலைவு ஏறத்தாழ 0.15 நானோமீட்டராகக் குறைகிறது. கோடிக்கணக்கான இணைப்புகளில் இது நிகழ்வதால், முழுப் பொருளின் பருமனும் பொதுவாக 2 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது. நான்கு மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் இரண்டு மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குழியைக் கணக்கில் எடுத்தால், காணாமற்போகும் பருமன் ஒரு கன மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு கடுகில் பாதி இருக்கலாம். ஆனால் சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவின் விட்டம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே பத்து மைக்ரோமீட்டர் விலகல் ஏற்பட்டாலே அதற்கு அது அகலமான தெரு.

இந்தச் சிறு குறைவை எப்படி அளப்பது? ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழியில், இறுகுவதற்கு முன்னும் பின்னும் பொருளைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு, அடர்த்தி எவ்வளவு கூடியது என்று கணக்கிடலாம். பன்னாட்டுத் தர அமைப்பு 2013இல் வெளியிட்ட நெறிமுறையும் அடர்த்தியையே நம்புகிறது. இது நேர்மையான முறை; ஆனால் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே சொல்லும், நடுவில் நடந்ததைச் சொல்லாது. நடுவில் நடப்பதைக் காண, முன்பு பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். பிசினைச் சுற்றிப் பாதரசத்தை நிரப்பினால், பிசின் சுருங்கச் சுருங்க மெல்லிய குழாயில் பாதரச மட்டம் இறங்கும். பாதரசமோ வெப்பமானி செய்யும் அளவுக்கு வெப்பத்தால் விரியும் பொருள். விளக்கின் சூடும் வினையின் சூடும் சேர்ந்து மட்டத்தை ஏற்றிவிடும். நச்சுத்தன்மை தனித் தொல்லை.

1991ஆம் ஆண்டில் மான்செஸ்டரைச் சேர்ந்த வாட்ஸ், கேஷ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஒட்டிய வட்டு முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. தடிமனான கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் பித்தளை வளையம் ஒன்றை ஒட்டுகிறார்கள். வளையத்தின் நடுவே, அதன் சுவரைத் தொடாமல், சுமார் எட்டு மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டாகப் பசையை வைக்கிறார்கள். அதற்கு மேல், நுண்ணோக்கியில் பயன்படுத்தும் மெல்லிய மூடு கண்ணாடி ஒன்றை வைத்து அழுத்துகிறார்கள். கண்ணாடியின் ஓரங்கள் வளையத்தின் மேல் தங்கியிருக்க, நடுப்பகுதி பசையில் ஒட்டியிருக்கும். அந்த நடுவில் நுண்ணளவி ஒன்றின் முனை மெதுவாக அமர்ந்திருக்கும். ஒளியைக் கீழிருந்து, தகட்டின் வழியாகப் பாய்ச்சுகிறார்கள். பசை சுருங்கும்போது மூடு கண்ணாடி தாம்பாளத்தைப் போல நடுவில் குழிகிறது. அந்தக் குழிவே அளவு.

இதில் எனக்கு வியப்பளிப்பது, தடிமன் ஒன்றை மட்டும் அளந்து முழுப் பருமனையும் அறிந்துகொள்ளும் சூட்சுமம். கட்டற்ற ஒரு பொருள் மூன்று விழுக்காடு பருமன் குறைந்தால், நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஒவ்வொரு விழுக்காடு குறையும்; ஒரு மில்லிமீட்டர் தடிமனில் அது பத்து மைக்ரோமீட்டர்தான். ஆனால் இந்த வட்டு மேலும் கீழும் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் உள்நோக்கி நகர வழியில்லை. இன்னும் இளகிய நிலையில் இருக்கும் பசை, அடைபட்ட இரு திசைகளின் பங்கையும் சேர்த்து, திறந்திருக்கும் ஒரே திசையில் சுருங்கித் தீர்க்கிறது. ஆகவே பத்து மைக்ரோமீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ முப்பது மைக்ரோமீட்டர் இறக்கம் நமக்குக் கிடைக்கிறது. ஒட்டிவைப்பதே இங்கு உருப்பெருக்கியாகிவிடுகிறது. விட்டம் பெரிதாகவும் தடிமன் சிறிதாகவும் இருக்கும்வரை ஓரங்களில் நேரும் சிறு நகர்வு கணக்கைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. பொருள் நன்றாகக் கெட்டியான பிறகு மட்டும், சுருக்கத்தின் ஒரு பகுதி உள்ளேயே இழுவிசையாகத் தங்கிவிடுவதால், இம்முறை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டக்கூடும்.

அந்த முப்பது மைக்ரோமீட்டரைப் பதிவுசெய்யும் நுண்ணளவியை எல்.வி.டி.டி. என்பார்கள். மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் ஒன்று நடுவிலும், எதிரெதிராக இணைக்கப்பட்ட இரு சுருள்கள் அதன் இரு பக்கங்களிலும் இருக்க, அவற்றின் உள்ளே இரும்பு உள்ளகம் ஒன்று தொடாமல் நகர்கிறது. உள்ளகம் சரியாக மையத்தில் நின்றால் இரு சுருள்களின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று நீக்கிச் சுழியாகும்; சிறிது நகர்ந்தாலும் சமநிலை குலைந்து, நகர்ந்த தொலைவுக்கு ஏற்ற மின்னழுத்தம் தோன்றும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நகர்வை இது எளிதாகக் காட்டும்.

நேரம் செல்லச் செல்ல நுண்ணளவி காட்டும் இறக்கத்தை வரைந்தால், விளக்கை ஏற்றியதும் வரைகோடு சில நொடிகளில் செங்குத்தாக இறங்கி, பிறகு தளர்ந்து, விளக்கை அணைத்த பின்னும் பல நிமிடங்கள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. அணைத்த கணத்தில் தெரியும் சிறு இறக்கம், சூடான வட்டு குளிர்வதால் வருவது. வெப்பத்தின் பங்கைப் பிரிக்க எளிய உத்தி ஒன்று உண்டு: முழுதும் இறுகிவிட்ட அதே வட்டுக்கு இரண்டாம் முறை அதே ஒளியைக் காட்டுவது. இப்போது வினை ஏறக்குறைய மிச்சமில்லாததால், கோட்டில் தெரியும் ஏற்ற இறக்கம் விளக்கின் சூட்டால் மட்டும் வருவது. அதை முதல் கோட்டிலிருந்து கழித்துவிடலாம். வினை தானே கக்கிய சூடு இதில் அகப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பித்தளை வளையம், மூடு கண்ணாடி, ஒரு நுண்ணளவி: நம் ஊர்ப் பொறியியல் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தால் ஒரு மேசையில் கட்டிவிடக்கூடிய கருவி இது. புதிய பொருளைக் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் நிதியும் கைதட்டலும், இருக்கும் பொருளை ஒழுங்காக அளப்பதற்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. எந்த முறையில், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாமல் சுருக்கத்தின் விழுக்காட்டை மட்டும் அச்சிடும் விளம்பரத் தாளை நான் பொருட்படுத்துவதில்லை.

அந்த எண்ணும் கதையில் பாதிதான். பசை இளகியிருக்கும்வரை நேரும் சுருக்கத்தை அது தானே வழிந்து ஈடுசெய்துகொள்கிறது. கூழ் நிலையைக் கடந்து விறைத்த பின் நேரும் சுருக்கமே பற்சுவரை இழுக்கிறது. வற்றிய ஏரியின் வண்டல், அடியில் ஒட்டிக்கொண்டே சுருங்குவதால் பாளம் பாளமாக வெடிப்பது இதே காரணத்தால்தான். ஐந்து பக்கமும் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் திறந்த கடைவாய்ப் பல் குழியில் இந்த இழுவிசை மிகுதி. ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்து இதை ஓர் எண்ணாக்கும் வழக்கத்தை 1987இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொடங்கிவைத்தார்கள்.

அடுக்கடுக்காக வைத்தால் ஒவ்வோர் அடுக்கும் குறைவான சுவர்களில் ஒட்டும், இழுவிசை குறையும் என்பது வழக்கமான விளக்கம். 1996இல் வெளியான கணினிக் கணக்கீடு ஒன்று இதை மறுத்து, அடுக்குகள் பல்லை இன்னும் அதிகமாக உள்ளிழுக்கலாம் என்று காட்டியது. வாதம் அதோடு ஓயவில்லை. ஐயமில்லாத காரணம் வேறொன்று. வழக்கமான காம்போசிட்டில் நீல ஒளி சுமார் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போதிய வலுவோடு இறங்காது. வாசகரின் மருத்துவர் ஒரேயடியாக நிரப்பியிருந்தால், மேற்பரப்பு கல்லைப் போல இறுகியிருக்க, அடியில் இருப்பது இறுகாத பசையாகவே நின்றிருக்கும்.